புக்கிட் செலம்பாவில் ஒரு குடும்ப வாரம்

மலேசியாவின் கெடா மாநிலத்திலிருந்து எனக்கு வந்த கடிதத்தில் 'குடும்ப வாரம்' என்று போட்டிருந்தது. புக்கிட் செலம்பாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குள் இருக்கும் குடிமீட்பு இல்லம் எழுதிய கடிதம் அது. தொண்ணூறு நாள் தங்கிச் சிகிச்சை எடுப்பவரோடு கடைசி ஐந்து நாள் வீட்டு ஆள் ஒருவர் வந்து இருக்க வேண்டுமாம். வாரம் என்று பெயர் வைத்துவிட்டு ஐந்து நாள். போவதற்கு முன்பே எனக்கு அவர்கள் மேல் எரிச்சல் வந்துவிட்டது.

உள்ளே இருந்தவர் என் கணவர் தங்கராசு. அலோர் ஸ்டாரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பதினோரு வருஷமாகச் சமையல் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் விடுப்பில் பட்டுக்கோட்டைக்கு வருவார். அந்த நாற்பத்தைந்து நாளும் குடிப்பார். அங்கேயும் குடித்திருக்கிறார், கடைசியில் வேலைக்கே எழுந்திருக்க முடியாமல் போனபோது முதலாளி கொண்டுபோய் இல்லத்தில் சேர்த்திருக்கிறார்.

நான் கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பயணப் புத்தகங்கள் நிறைய என் கை வழியாகப் போயிருக்கின்றன. கோபுரம் பார்க்கப் போனவர்கள், கடல் பார்க்கப் போனவர்கள், மாநாட்டுக்குப் போனவர்கள். புருஷனிடம் வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்வதற்காக விமானம் ஏறியவர் யாரையும் நான் படித்ததில்லை. நான் அதற்காகத்தான் ஏறினேன். போனில் சொல்ல முடியாது. போனில் அவர் அழுவார், இல்லாவிட்டால் வைத்துவிடுவார். எங்கள் மகள் யாழினிக்குப் பதினாலு வயது. நான் கிளம்பும்போது பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "அவரைக் கூட்டிட்டு வந்துடாதம்மா" என்றாள்.

முதல் நாளே தப்பு நடந்தது. பட்டர்வொர்த்தில் ரயில் ஏறி சுங்கை பட்டாணியில் இறங்க வேண்டும். அரை மணிக்குச் சற்று அதிகமான பயணம். நம் ஊர் ரயில் மாதிரி கத்தல், தள்ளல், முறுக்கு, கடலை எதுவும் இல்லை. குளிரூட்டிய பெட்டி, துடைத்துவைத்த இருக்கை. முந்தின நாள் முழுக்கத் தூங்காதவள் கண்ணை மூடினேன். விழித்தபோது இரண்டு பக்கமும் வயல். தஞ்சாவூர்ப் பக்கம் வந்துவிட்டோமா என்று ஒரு நொடி தோன்றியது. எதிரே இருந்த மலாய்ப் பெண்ணிடம் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே பின்பக்கம் கையைக் காட்டினாள். ரயில் அலோர் ஸ்டாரில் நின்றபோது இறங்கினேன்.

அந்த ஊரின் முகவரி எனக்கு மனப்பாடம். பதினோரு வருஷம் கடிதமும் பொடி வகைகளும் அனுப்பிய முகவரி. திரும்பிப் போகும் ரயிலுக்கு நேரம் இருந்ததால் ஒரு வாடகைக் காரில் அந்தக் கடைக்குப் போனேன். பெரிய உணவகம் என்று அவர் சொல்லியிருந்தார். எட்டு மேசை, ஒரு மின்விசிறி, கண்ணாடிப் பெட்டியில் வடை. அரசாங்க ஆபீஸ் ஆட்கள் கழுத்தில் அட்டை தொங்கச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனிதர். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றார்.

"உக்காருங்கம்மா. பசியாறிட்டீங்களா?" என்றார். அங்கே காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்றுதான் பேர். ரொட்டியும் பருப்புக் குழம்பும் வந்தன. நம் பரோட்டாவை விட மெல்லிசு. நான் சாப்பிடுவதைப் பார்த்தபடி அவர் சொன்னார்: "தங்கம் மாதிரி மனுசன்மா. தண்ணி போட்டா மட்டும்தான்."

இந்த 'மட்டும்தான்' என்ற சொல்லைப் பதினாறு வருஷமாகக் கேட்கிறேன். என் மாமியார் சொன்னார், என் அண்ணன் சொன்னான், கல்யாணத் தரகர் சொன்னார். ஒரு மனிதனின் முக்கால்வாசி நாளை எடுத்து அந்தச் சொல்லுக்குள் போட்டுவிடுகிறார்கள்.

இல்லத்தின் வேன் சுங்கை பட்டாணி நிலையத்தில் எனக்காக மூன்று மணி நேரம் நின்றிருந்தது. ஓட்டி வந்தவர் சந்திரன். இல்லத்தை நடத்துபவரும் அவர்தான். முன்பு லாரி ஓட்டியவர், குடித்துக் குடித்து லைசென்ஸும் குடும்பமும் போனவர். இதை வணக்கம் சொன்ன இரண்டாவது நிமிஷத்தில் அவரே சொன்னார். அங்கே எல்லோரும் அப்படித்தான், பெயரைச் சொல்வதற்கு முன்பே தாங்கள் கெட்டுப்போன கதையைச் சொல்லிவிடுகிறார்கள்.

வழியெல்லாம் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. ஒரே உயரம், ஒரே இடைவெளி. நடுநடுவே ரப்பர் எடுக்கிற பழைய பால்மரங்கள், இரண்டிரண்டு பேராக மோட்டார் சைக்கிள்கள், ஒரு சின்ன அம்மன் கோயில், மறுபடி செம்பனை. இல்லம் என்பது ஒரு காலத்தில் தோட்டத்து மேனேஜர் இருந்த பங்களா. இருபத்திரண்டு ஆண்கள் முன்கூடத்தில் வரிசையாக நின்று எனக்கு வணக்கம் சொன்னார்கள். என் கணவர் அந்த வரிசையில் இல்லை. சமையல்கட்டில் இருந்தார்.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவரை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. முகத்தின் வீக்கம் வடிந்திருந்தது. கண்ணின் வெள்ளை வெள்ளையாக இருந்தது. கை நடுங்கவில்லை. "வா கலா. ரயில்ல தூங்கிட்டியாமே" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்தபோது இருந்த குரல். அன்றைக்கு மத்தியானம் சோறு, மீன் சம்பால், கீரைக் கடையல். கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். நல்ல சமையல். பதினாறு வருஷத்தில் எனக்கு அவர் ஒரு டீ போட்டுக் கொடுத்ததில்லை. பக்கத்தில் இருந்தவர், "அண்ணே கைப்பக்குவத்துக்காகவே இன்னொரு தடவ வந்து சேரலாம்க்கா" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குடும்பத்தினருக்குப் பின்பக்கம் தனி அறை. என்னோடு தங்கியவள் பரமேஸ்வரி. பரமேஸ் என்றே கூப்பிடச் சொன்னாள். புக்கிட் செலம்பாவிலேயே வீடு, கூலிம் ஹைடெக் பூங்காவில் கம்ப்யூட்டர் சில்லு செய்யும் தொழிற்சாலையில் வேலை. லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் புருஷன் ராஜாவுக்குப் போதை மாத்திரை. இது மூன்றாவது தடவை.

"அழகா அழுவாரு லா அக்கா" என்றாள், தலை சீவிக்கொண்டே. அங்கே பேச்சு முழுக்க இந்த 'லா' ஒட்டிக்கொண்டு வரும். "நீங்க வட்டத்துல பாருங்க. அவரு அழுதா நீங்களே மன்னிச்சிருவீங்க."

வட்டம் என்பது அங்கே தினமும் காலையில் நடப்பது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஒவ்வொருவராகப் பேசுவார்கள். பேசி முடித்தால் மற்றவர்கள் கைதட்டுவார்கள். இரண்டாம் நாள் சும்மா உட்கார்ந்து கேட்டேன். ராஜா பேசினான். அம்மாவின் தாலியைத் திருடிய கதை. அவள் சொன்னது போலவே அழகாக அழுதான். நான்கூட மூக்கை உறிஞ்சினேன். பரமேஸ் கைபேசியில் தன் அடுத்த வார ஷிப்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் என் கணவரின் முறை. மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார். எழுந்து நின்று படித்தார். என் நகை போனது, என் அப்பா சாவுக்கு வராதது, நூலகத்துக்கே வந்து என்னைக் கெட்ட வார்த்தை சொன்னது. எதையும் மழுப்பவில்லை. யாழினி பற்றி வந்தது. "போன லீவுல நாய் குறுக்க வந்து வண்டி சாஞ்சப்ப என் புள்ளைக்கு முழங்கை உடைஞ்சது. அப்பக்கூட ஆஸ்பத்திரியில அவ பக்கத்துல உக்காராம நான் கடைக்குப் போனேன்" என்று படித்தார். தாளைத் திருப்பினார். பிறகு கடைசிப் பத்தி. ஊருக்குத் திரும்பினால் குடித்துவிடுவோம் என்று பயமாக இருக்கிறதாம். அங்கே ஒவ்வொரு தெருவும் குடித்த தெருவாம். அதனால் இல்லத்திலேயே சமையல் வேலைக்கு இருந்துவிட முடிவு செய்திருக்கிறாராம். முதலாளியும் வேலை பெர்மிட்டுக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறாராம். என்னை மன்னிக்கச் சொல்லி முடித்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். என்னைத் தவிர அந்த அறையில் அத்தனை பேருக்கும் அது முன்பே தெரிந்திருந்தது என்பது தட்டிய வேகத்திலேயே தெரிந்தது.

நான் சொல்ல வந்ததை அவர் சொல்லிவிட்டார். கடல் தாண்டி, மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த ஒரே வாக்கியம். அதை அவர் எடுத்துக்கொண்டு, கைதட்டலும் வாங்கிக்கொண்டார். ஆட்டம் போட்ட நாளெல்லாம் எனக்கு. தெளிந்த மனிதன் இவர்களுக்கு. சந்திரன் என்னைப் பார்த்து, அக்கா ஏதாவது பேசுகிறீர்களா என்று கேட்டார்.

"நாய் வரலை" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. அவர் மட்டும் தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அன்னைக்கு ரோட்டுல எந்த நாயும் குறுக்க வரலைங்க. நாய்னு சொன்னது நான். எங்க அண்ணன் உங்களை அடிச்சுப் போட்ருவான், போலீசுன்னு போனா நீங்க திரும்ப இங்க வர முடியாதுன்னு நாய்னு சொன்னேன். புள்ளையையும் அப்படியே சொல்லச் சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் ஊர்ல எல்லாருக்கும் நாய்தான்."

அதற்கு யாரும் கைதட்டவில்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் சந்திரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. முன்கூட்டியே தன்னிடம் சொல்லியிருக்கலாம், இந்த மாதிரி விஷயத்தைத் தாங்குவதற்கு ஆளைத் தயார்படுத்த வேண்டியிருக்கிறது என்றார். என் மகளை யார் தயார்படுத்தினார்கள் என்று கேட்டேன்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. கெடாவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிறு எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள். இது எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. ஆறரை மணிக்குப் பசியாறப் போனால் சமையல்கட்டில் அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. அரிசி ஊறியபடி இருந்தது. ஆளைக் காணோம்.

சந்திரன் வேனை எடுத்துக்கொண்டு பெரிய சாலைப் பக்கம் போனார். பரமேஸ் என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துப் பாதையில் விட்டாள். முந்தின நாள் மழை. செம்மண் சேறு. ஒரு வளைவில் வண்டி வழுக்கி இரண்டு பேரும் சாக்கடை ஓரம் விழுந்தோம். எனக்கு முழங்கால் சிராய்த்தது. பரமேஸ் எழுந்து வண்டியைத் தூக்கி நிறுத்தி, "தாப்பா லா, ஏறுங்க" என்றாள். பரவாயில்லை என்பதற்கு அங்கே அப்படிச் சொல்கிறார்கள். எங்கே போகிறாள் என்று நான் கேட்கவில்லை. சம்சு விற்கும் கடை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மலிவான சாராயம் அது, சின்னச் சின்னப் பாட்டிலில் வரும். அவள் அப்பா குடித்துச் செத்தது அந்தக் கடைப் பாட்டிலில்தானாம். போகிற போக்கில், காற்றில் கத்திச் சொன்னாள்.

முச்சந்தியில் சீனர் ஒருவரின் மளிகைக் கடை, சம்சு விற்பது அங்கேதான். எதிரே ஒரு பேருந்து நிறுத்தக் கூரை. அதன் கீழே அவர் உட்கார்ந்திருந்தார். பரமேஸ் வண்டியைத் தள்ளியே நிறுத்திக்கொண்டாள். நான் போய் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தேன். வாடை பிடிக்க முயன்றேன். பழக்கம். ஒரு வாடையும் இல்லை.

கடையின் இரும்புக் கதவு இழுத்து மூடியிருந்தது. அதன் மேல் வெள்ளைத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. கடைக்காரரின் தாயார் இறந்துவிட்டார் என்று பரமேஸ் பிறகு சொன்னாள்.

"பூட்டியிருக்கு கலா" என்றார் அவர். "தெறந்திருந்தா வாங்கியிருப்பேன். உன்கிட்டப் பொய் சொல்லி என்ன ஆகப்போவுது."

தொண்ணூறு நாள், இருபத்திரண்டு பேர், தினமும் ஒரு வட்டம். கடைசியில் ஒரு சீனக் கிழவி செத்ததால் இவர் குடிக்கவில்லை.

பிறகு கேட்டார்: "எனக்கு எதுவும் ஞாபகமில்ல. நாய் வரலைன்னா என்னதான் நடந்துச்சு?"

யாழினி எனக்கு மட்டும் சொன்னதைச் சொன்னேன். டியூஷன் விட்டு அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரையில் வந்திருக்கிறார். நல்ல போதை. ஒரே சிரிப்பு. 'அப்பா கண்ணை மூடிக்கிட்டு ஓட்டறேன், நீ பத்து வரைக்கும் எண்ணு' என்றிருக்கிறார். வேண்டாம் என்று அழுதிருக்கிறாள். எண்ணினால்தான் கண்ணைத் திறப்பேன் என்றிருக்கிறார். எண்ணியிருக்கிறாள்.

"எதுவரைக்கும் எண்ணுனா?"

"ஆறு."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. அழுதிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தக் கை? இடது. எவ்வளவு மடக்க முடிகிறது? மடக்க முடியும், முழுக்க நீட்ட முடியாது. வலிக்கிறதா? மழைக்காலத்தில் வலிக்கும். பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்களா? அவள் சொல்வதில்லை. கைப்பந்து அணியில் இருந்தாளே? இப்போது இல்லை. அவள் கைப்பந்து ஆடியது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு பள்ளிப் பேருந்து கூட வராத விடுமுறை நாள். பால்மரம் சீவப் போகிறவர்கள் இரண்டு பேர் எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்கள். கல்யாணம் ஆகி நாங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

எழுந்திருக்கும்போது அவர் சொன்னார்: "நான் இங்க இருக்கலை. ஊருக்கு வர்றேன் கலா. புள்ளைக்கு நான்தான் செய்யணும். ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போறேன், மறுபடி ஆபரேஷன் பண்ண முடியுமான்னு பாக்கறேன்."

நானும் எழுந்தேன். முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினேன்.

இல்லத்துக்குத் திரும்பியதும் அடுப்பைப் பற்றவைத்துச் சமைத்தார். பத்து மணிக்கு எல்லோரும் பசியாறினோம். சந்திரன் வட்டத்தில் விஷயத்தைச் சொன்னார். ஓடிப் போகாமல் திரும்பி வந்ததும், வீட்டுப் பொறுப்பை ஏற்க முன்வந்ததும்தான் உண்மையான மாற்றம் என்றார். மறுபடி கைதட்டல். ஆட்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வாழ்த்துச் சொன்னார்கள். ஒருவர் யாழினிக்குக் கொடுக்கச் சொல்லி டுரியான் பழ மிட்டாய் ஒரு பொட்டலம் கொடுத்தார். அதையும் வாங்கிப் பையில் வைத்தேன்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பரமேஸ் கேட்டாள்.

"அண்ணே ஊருக்கு வர்றேன்னாரே, நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை."

"அப்ப சொல்லிருங்க அக்கா. நான் சொல்லாமதான் ரெண்டு தடவ கூட்டிட்டுப் போனேன். நாளைக்கு இவரையும் கூட்டிட்டுத்தான் போவப் போறேன். எனக்குச் சொல்ல வரல."

அவள் அதைச் சொன்ன விதத்தில் வருத்தம் இல்லை. தொழிற்சாலையில் இயந்திரம் ஓடாததைச் சொல்கிறவள் போலச் சொன்னாள். அவள் புருஷன் வெளியே கொடியில் அவள் சட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் முதல் பத்து நாள் இப்படித்தான் இருப்பானாம்.

ஐந்தாம் நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டது. என் கணவர் பெயரைக் கூப்பிட்டபோது கைதட்டலில் நானும் சேர்ந்துகொண்டேன், தட்டாவிட்டால் எல்லோரும் பார்ப்பார்கள் என்பதற்காக. தொண்ணூறு நாள் குடிக்காமல் இருந்ததற்கு ஒரு மனிதனுக்குச் சான்றிதழ். பதினாறு வருஷம் குடிக்காமல் இருந்தவளுக்கு அப்படி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

சந்திரன் எங்களை வேனில் சுங்கை பட்டாணி நிலையத்தில் விட்டார். எனக்கு ரயில். என் கணவர் மறுநாள் அலோர் ஸ்டார் போய் முதலாளியைப் பார்த்து, பெர்மிட்டை ரத்து செய்துவிட்டு அடுத்த மாதம் ஊர் வருவதாகத் திட்டம். அதை வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். பட்டுக்கோட்டையில் சின்னதாக ஒரு இட்லிக் கடை போடலாமாம். யாழினி டியூஷன் விட்டு வரும்போது சூடாகச் சாப்பிடலாமாம். அவர் பேசப் பேச எனக்குப் பயமாக இருந்தது. குடித்தவரிடம் வேண்டாம் என்று சொல்வது எளிது. யாரும் கேட்டுக்கொள்ளப் போவதில்லை என்று தெரிந்தே சொல்லலாம். இவர் கேட்டுக்கொள்வார்.

நடைமேடையில் எங்களோடு நான்கைந்து பேர்தான். இரண்டு மலாய்ப் பெண்கள் பிளாஸ்டிக் பையில் கட்டிய சிவப்புச் சர்பத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். ரயில் வர ஆறு நிமிஷம் இருந்தது.

"நீங்க வர வேணாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

"ஊருக்கு வர வேணாம். நம்ம வீட்டுக்கு வர வேணாம். அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்க வட்டத்துல எழுந்து படிக்கறதுக்கு முன்னாடியே அதைச் சொல்லத்தான் வந்தேன். புள்ளை ஒருநாள் கூப்பிட்டா அது அவ இஷ்டம். நான் கூப்பிட மாட்டேன்."

இப்போது கத்துவார் என்று என் உடம்பு தயாரானது. பெஞ்சில் இருந்த கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன். அவர் கத்தவில்லை. எத்தனை நாள் என்று கேட்கவில்லை, நான் மாறிவிட்டேனே என்று சொல்லவில்லை. கண் தெளிவாக இருந்தது. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அதில் போய்ச் சேர்ந்ததைப் பார்த்தேன்.

"சரி கலா" என்றார்.

ரயில் வந்ததும் என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு இறங்கி நின்றார். கதவு மூடியது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொன்ன ஒன்றை அவர் முழுதாகக் கேட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை.